56 சதவீதம் எறிந்த ஆலன் எம்விபி ஆனார், 73 சதவீதம் எறிந்த வில்சன் காணாமல் போனார்: கல்லூரி குவாட்டர்பேக்குகளை எதை வைத்து எடைபோடுவது?

கடைசிவரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல், கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை ஏப்ரலில் நடத்துவதற்கு முந்தைய வாரம், முதல் சுற்றில் எடுக்கப்படக்கூடிய குவாட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்களை) நானாக வரிசைப்படுத்தி ஒரு நோட்டில் எழுதி வைப்பதும், எழுதியபின் யார் பேச்சைக் கேட்டும் அதைத் திருத்தாமல் இருப்பதும் பல ஆண்டுகளாக நான் ஒரு நோன்பு போலக் கடைப்பிடித்து வரும் வழக்கம். அந்த நோட்டைச் சென்ற வாரம் எடுத்துப் புரட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. 2017இல் மிட்சல் ட்ருபிஸ்கியை பாட்ரிக் மஹோம்ஸுக்கு மேலே வைத்திருக்கிறேன். 2018இல் ஜோஷ் ரோசன் இரண்டாவது, ஜோஷ் ஆலன் ஐந்தாவது. 2021இல் ஜாக் வில்சனின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள் வேறு போட்டிருக்கிறேன்.

என் முறை எளிமையானது. கல்லூரியில் கடைசி ஆண்டின் கம்ப்ளீஷன் சதவீதத்தையும் (எறிந்த பாஸ்களில் தம் அணியினர் பிடித்தவற்றின் பங்கு), டச்டவுனுக்கும் (புள்ளியில் முடிந்த பாஸ்) இன்டர்செப்ஷனுக்கும் (எதிரணி பிடித்த பாஸ்) உள்ள விகிதத்தையும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் உயரத்துக்கும் எடைக்கும் கொஞ்சம் மதிப்பெண் சேர்ப்பேன். ட்ருபிஸ்கி வட கரோலினாவில் 68 சதவீதம் எறிந்திருந்தார். வில்சன் 2020இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்காக 73.5 சதவீதம், 33 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். ஆலனோ வயோமிங்கில் இரண்டு ஆண்டுகளும் 56 சதவீதத்தைச் சுற்றியே நின்றவர். பிறகு நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும்: வில்சன் ஜெட்ஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டில் 9 டச்டவுனுக்கு 11 இன்டர்செப்ஷன் கொடுத்து, மூன்றே பருவங்களில் வெளியே அனுப்பப்பட்டார், ஆலன் 2020இல் 69.2 சதவீதத்துக்கு ஏறி, 2024ஆம் ஆண்டின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) விருதையும் வாங்கினார்.

அப்படியென்றால் இந்தச் சதவீதம் எதற்குமே உதவாதா? வீரர்களைத் தேடி மதிப்பிடும் அணிகளின் ஸ்கவுட்டுகளுக்குக் கிடைக்கும் நேர்காணலும் மருத்துவ அறிக்கையும் எனக்குக் கிடைக்கப் போவதில்லை; வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் என்னைப் போன்றவர் எதைக் கவனித்தால் இத்தனை பெரிய தவறுகளைத் தவிர்க்கலாம்?

படச்சுருள் எழுதியது:

வணக்கம். நீங்கள் எடுத்த எண்கள் எல்லாம் சரிதான். அவை எங்கே பிறந்தன என்று கேட்காமல் விட்டதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. கல்லூரி ஆட்டமும் என்எஃப்எல் ஆட்டமும் ஒரே நீள அகலமுள்ள மைதானத்தில் நடந்தாலும், குவாட்டர்பேக்கின் வேலையை மாற்றிவிடும் சில விதிகள் இரண்டுக்கும் நடுவே உள்ளன. பாஸ் எறியப்படும்போது, குவாட்டர்பேக்கைக் காக்கும் தாக்குதல் லைன்மேன்கள், பந்து வைக்கப்படும் ஸ்கிரிமேஜ் கோட்டிலிருந்து கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னே போயிருக்கலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். இந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில்தான் ஆர்பிஓ (ஓடுவதா எறிவதா என்று குவாட்டர்பேக் அந்த நொடியில் முடிவு செய்யும் ஆட்டமுறை) என்ற முழு வியாபாரமும் கல்லூரியில் செழிக்கிறது: லைன்மேன் முன்னேறுவதைக் கண்டு ஓட்டம் என்று நம்பி லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசை வீரர்) ஓரடி முன்வைக்கிறார், அவர் விட்டுச்சென்ற இடத்துக்குப் பந்து போகிறது. அதை எறிவதற்கு ஒரே ஒரு மனிதரைப் பார்த்தால் போதும். அதுவும், ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னாலேயே கொடுக்கப்படும் ஸ்கிரீன் பாஸும் சேர்ந்தால் சதவீதம் தானாக எழுபதைத் தொடும்.

ஹேஷ் குறிகளையும் பாருங்கள், பந்தை வைக்கும் இடத்தின் இரு பக்க எல்லையைக் காட்டும் கோடுகள் அவை. கல்லூரியில் இரண்டு வரிசைகளுக்கும் இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து இடது ஹேஷில் இருக்கும்போது வலப்பக்கம் ஒரு வயல்வெளியே திறந்து கிடக்கிறது, அதைக் காக்க வேண்டிய தற்காப்பு நீண்டு மெலிந்துபோகிறது. என்எஃப்எல்லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவிலிருந்தே தொடங்குவதால் அந்த வயல்வெளி கிடையாது. பாஸைப் பிடிக்கும் ரிசீவருக்கும் அவரை ஒட்டி நிற்கும் தற்காப்பு வீரரான கார்னருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு கதவளவிலிருந்து ஜன்னலளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே நான் ஒரு கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கும்போது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளான டவுன்களில் முதல் இரண்டை ஏறக்குறைய விட்டுவிடுவேன். மூன்றாவது டவுன், எட்டு யார்டு தேவை, ஆட்டம் பார்க்கும் எல்லோருக்கும் பாஸ்தான் என்று தெரியும். அங்கேதான் என் பார்வை நிற்கும். ஸ்னாப்புக்கு (பந்து குவாட்டர்பேக்கின் கைக்குத் தரப்படும் தொடக்கம்) முன் இரண்டு சேஃப்டிகள் (கடைசித் தற்காப்பு வீரர்கள்) பின்னால் நிற்கிறார்கள். பந்து கைக்கு வந்த அடுத்த நொடியில் அவர்களில் ஒருவர் கீழே இறங்கி, குவாட்டர்பேக் முதலில் குறிவைத்த ரிசீவரின் பாதையில் வந்து நின்றுவிடுகிறார். அதே நேரத்தில் இடது டாக்கிள், அதாவது இடது ஓர லைன்மேன், தம் எதிராளியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது குவாட்டர்பேக்கின் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். கண் இரண்டாவது ரிசீவருக்குத் திரும்பும்போது காலும் கூடவே திரும்பி அந்தப் பக்கம் நேராகிறதா, அல்லது கண் ஓரிடமும் கால் ஓரிடமுமாகக் கிடக்கிறதா? நெருக்கடி வருவதை உணர்ந்து, லைன்மேன்கள் அமைக்கும் பாதுகாப்பு வளையமான பாக்கெட்டுக்குள்ளேயே ஓரடி மேலே ஏறுகிறாரா, அல்லது பின்னோக்கி வட்டமடித்து ஓடுகிறாரா? பின்னோக்கி ஓடுவது கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமைகளில் பலிக்கும். என்எஃப்எல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் துரத்துபவர் அவரைவிட வேகமானவர்.

வில்சனை எடுத்துக்கொண்டால், 2020இல் கொரோனாவால் பிரிகம் யங் அணியின் அட்டவணையிலிருந்து பெரிய எதிரணிகள் பல விலகிவிட்டன. மிச்சமிருந்தவற்றுக்கு எதிராக அவர்களுடைய தாக்குதல் லைன் வயதிலும் உடம்பிலும் மேலோங்கி நின்றது. அந்தப் பருவம் முழுவதும் அவர் நெருக்கடியில் எறிந்த பாஸ்கள் மிகக் குறைவு. என்எஃப்எல் அணிகளுக்குக் காட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சி நாளான புரோ டே அன்று இடப்பக்கம் ஓடிக்கொண்டே உடலைத் திருப்பி எறிந்த அந்த நீண்ட பாஸைப் பார்த்து நாமெல்லாம் வாயைப் பிளந்தோம், நானும் உட்பட. எதிரே ஒரு தற்காப்பு வீரர்கூட இல்லாத மைதானம் அது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சி.ஜே. ஸ்ட்ரவுட். ஒஹையோ ஸ்டேட்டில் இரண்டு ஆண்டுகள் சுத்தமான பாக்கெட்டிலிருந்து, முதல் சுற்றில் போகப்போகும் ரிசீவர்களுக்கு எறிந்தவர் என்பதால், அவர் தரத்தைக் கணிப்பது கடினமாகவே இருந்தது. 2022 டிசம்பர் 31 அன்று பீச் பௌலில் ஜார்ஜியாவின் தற்காப்புக்கு எதிராக அவர் 348 யார்டும் 4 டச்டவுனும் எறிந்தார். அணியின் முதன்மை ரிசீவர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் அடிபட்டு வெளியேறிய பின்னும், பாக்கெட் கலைந்து அவர் ஓடிக்கொண்டே வழி தேட வேண்டியிருந்த பின்னும், ஆட்டம் 42க்கு 41 என்ற கணக்கில்தான் கைவிட்டுப் போனது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்த மற்ற எல்லா ஆட்டங்களையும்விட இந்தத் தோல்வி ஓர் ஆட்டமே எனக்கு அதிகம் சொன்னது.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

படச்சுருள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் சதவீதத்தைக் குப்பையில் போட வேண்டும் என்று யாராவது இதைப் படித்துப் புரிந்துகொண்டால் அது இன்னொரு பெரிய தவறு. ஆலனைப் பார்த்து ஒரு விதியை எழுதாதீர்கள். பலத்த கையும் குறைந்த சதவீதமும் கொண்டு வந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: 2003இல் ரேவன்ஸ் 19ஆவதாக எடுத்த கைல் போலர் கல்லூரி வாழ்க்கையை மொத்தமாகக் கணக்கிட்டால் 50 சதவீதத்தையே எட்டாதவர்; 2011இல் டைட்டன்ஸ் 8ஆவதாக எடுத்த ஜேக் லாக்கர் 54 சதவீதத்தோடு வந்து நான்கு பருவங்களில் ஓய்வு பெற்றார்; 2023இல் கோல்ட்ஸ் 4ஆவதாக எடுத்த ஆன்டனி ரிச்சர்ட்சன், ஃபுளோரிடாவில் தாம் தொடங்கி ஆடிய ஒரே பருவத்தில் 54 சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தவர், 2024இல் என்எஃப்எல்லில் 47.7 சதவீதம் எறிந்தார். இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அன்று சொல்லப்பட்டது ஒன்றே: துல்லியத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆலனுக்கு அது வாய்த்தது. அவருக்கு வாய்த்ததே ஆச்சரியம் என்பதால்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். என்னிடம் கேட்டால், உயர்ந்த சதவீதம் ஒருவர் வெல்வார் என்பதற்குச் சான்றாகாது. தாழ்ந்த சதவீதம் மட்டும் இன்னும் எச்சரிக்கை மணிதான்.

நான் சதவீதத்துக்கும் முன்னே பார்ப்பது தொடக்க ஆட்டங்களின் எண்ணிக்கையை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த விஷயத்தில் செல்லாது. ட்ருபிஸ்கி கல்லூரியில் தொடங்கிய ஆட்டங்கள் 13. ரிச்சர்ட்சனும் 13. ட்ரே லான்ஸ் 17, அதிலும் 2020இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அவருக்காக 2021இல் ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, இரண்டு ஆண்டு கழித்து ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டல்லாஸுக்கு அனுப்பியது. அதே அணியை 2023 பருவத்தில் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோன பிராக் பர்டி, அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு 2022இல் 262ஆவதாக, அதாவது டிராஃப்டின் கடைசி ஆளாக வந்தவர். ஆட்டங்கள் குறைவாக இருப்பதாலேயே ஒருவர் தோற்பார் என்று நான் சொல்லவில்லை. குறைவாக இருந்தால் எதிரணிகள் அவரைப் படித்துப் புரிந்துகொண்டு மாறிய பிறகு அவர் என்ன செய்தார் என்ற பக்கம் நம்மிடம் இருக்காது. முதல் முறை ஏமாறும் தற்காப்பு இரண்டாவது ஆண்டு ஏமாறுவதில்லை.

அடுத்து சாக், அதாவது பந்தை எறியுமுன் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது. சாக் விழுந்தால் லைன்மேனைத் திட்டுவது நம் வழக்கம். ஆனால் அதில் பெரும்பங்கு குவாட்டர்பேக்குடையது, பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது, அந்தப் பழக்கம் கல்லூரியிலிருந்து அவரோடு கூடவே வருகிறது. வந்த நெருக்கடிகளில் எத்தனை சாக்காக முடிந்தன என்ற விகிதத்தைப் பாருங்கள். போ நிக்ஸ் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 77 சதவீதம் எறிந்தபோது, எல்லாம் குட்டைப் பாஸ் என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் ஏறக்குறைய சாக்கே வாங்காதவர் என்ற வரியை நான் போதிய அளவு மதிக்கவில்லை. 2024இல் பிராங்கோஸுக்காக முதல் ஆண்டிலேயே 29 டச்டவுன் எறிந்து அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். அவர் கல்லூரியில் தொடங்கிய ஆட்டங்கள் 61 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபர்னில் தடுமாறிய மூன்று ஆண்டுகளும் அதில் அடக்கம். அந்தத் தடுமாற்றத்திலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார் என்பதைப் பார்க்க நமக்கு வாய்ப்பு இருந்தது.

பழையஹெல்மெட் எழுதியது:

நண்பர்கள் இருவரும் ஆளை எடைபோடுவது பற்றியே பேசுகிறீர்கள். ஆள் போய்ச் சேரும் வீட்டையும் எடைபோட வேண்டாமா? 2002இல் புதிதாகத் தொடங்கிய டெக்சன்ஸ் அணி முதல் தேர்வாக டேவிட் காரை எடுத்தது. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 முறை சாக் ஆனார். சாக் குவாட்டர்பேக்கின் பழக்கம் என்று எண்ணும்எழுத்தும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் 76 முறை தரையில் விழுந்த ஒருவர், அதன்பின் ஓடி வரும் ஆளைப் பார்ப்பாரா, ரிசீவரைப் பார்ப்பாரா? 2005இல் முதல் தேர்வான அலெக்ஸ் ஸ்மித்துக்கு ஆண்டுதோறும் தாக்குதல் பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருந்தார், ஒவ்வோர் ஆண்டும் புதிய பாஷை கற்றார். அதே டிராஃப்டில் 24ஆவது இடத்துக்குச் சரிந்த ஆரோன் ராஜர்ஸ், மூத்த குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வின் பின்னால் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் இடம் மாறிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது.

கேலப் வில்லியம்ஸையும் பாருங்கள். 2024இல் பேர்ஸ் அணிக்காக 68 முறை சாக் ஆனார். கல்லூரியிலேயே பந்தை அதிக நேரம் கையில் வைத்திருப்பவர்தான், அந்தப் பழக்கம் கூடவே வந்தது என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். 2025இல் பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார், லைனின் நடுப்பகுதி முழுவதும் மாற்றப்பட்டது, அந்த எண்ணிக்கை பெருமளவு இறங்கிவிட்டது. மஹோம்ஸ் முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டம்தான் தொடங்கினார். அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால், பயிற்சியாளர் ஆண்டி ரீடின் பள்ளியில் இருந்தார். 2018இல் 50 டச்டவுன் எறிந்தார். சாம் டார்னால்டையும் பேக்கர் மேஃபீல்டையும் 2018இல் முதலில் எடுத்த அணிகள் கைகழுவிவிட்டன. 2024இல் டார்னால்ட் வைக்கிங்ஸுக்காக 35 டச்டவுன், மேஃபீல்ட் டாம்பா பேவுக்காக 41 டச்டவுன் எறிந்தார்கள். 2018 டிராஃப்டை 2020இல் மதிப்பிட்டிருந்தால் கடைசிவரிசையின் நோட்டில் வேறு கோடுகள் விழுந்திருக்கும்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லமார் ஜாக்சன் லூயிவில்லில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். அவர் ரிசீவராக மாற வேண்டும் என்று பொதுமேலாளராகப் பெயர் பெற்ற பில் போலியனே வெளிப்படையாகச் சொன்னார், பிறகு தாம் சொன்னது தவறென்று ஒப்புக்கொண்டார். ஜாக்சன் 32ஆவதாகத்தான் போனார், 2019இலும் 2023இலும் எம்விபி ஆனார். 1978இல் ஓர் என்எஃப்எல் அணியும் எடுக்காத குவாட்டர்பேக் வாரன் மூன், கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்கு ஐந்து முறை அந்நாட்டு லீகின் கிரே கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கறுப்பினக் குவாட்டர்பேக்கைக் கண்டால் காலைப் புகழ்வதும், வெள்ளையினத்தவரைக் கண்டால் மூளையைப் புகழ்வதும் நீண்ட நாள் பழக்கம். உங்கள் நோட்டில் யாருக்கு எதிரே எந்தச் சொல்லை எழுதியிருக்கிறீர்கள் என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிவரிசை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பெரியவர் பழையஹெல்மெட் சொன்னபடி நோட்டைப் பார்த்தேன். ஜாக்சனுக்கு எதிரே "வேகம்", ரோசனுக்கு எதிரே "புத்திசாலி" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு துணைக்கேள்வி. 2023இல் பிரைஸ் யங்கை முதலாவதாகவும் ஸ்ட்ரவுட்டை இரண்டாவதாகவும் எழுதியிருந்தேன். பாந்தர்ஸும் அப்படியே செய்தது. அந்த நாட்களில் விரைந்து பார்த்து முடிவெடுக்கும் திறனை அளக்கும் எஸ்2 தேர்வில் ஸ்ட்ரவுட்டின் மதிப்பெண் மிகக் குறைவு என்று ஒரு செய்தி கசிந்து, அதை நம்பித்தான் நானும் முடிவெடுத்தேன். இத்தகைய தேர்வுகளுக்கும், டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனில் எடுக்கும் கை அளவுகளுக்கும் எவ்வளவு மதிப்புத் தரலாம்?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மிகக் கொஞ்சம். 12 நிமிடத்தில் 50 கேள்வி என்ற வொண்டர்லிக் அறிவுத்திறன் தேர்வையே 2022இல் கம்பைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜோ பரோவின் விரித்த கை 9 அங்குலம்தான் என்று அளந்து சொன்னபோது நாடே சிரித்தது. அவர் 2020இல் முதல் தேர்வாகி இரண்டாவது பருவத்திலேயே பெங்கால்ஸை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். நாற்பது யார்டை 5.28 நொடியில் மெதுவாக ஓடி, பின்னாளில் ஏழு சூப்பர் பௌல் வென்ற டாம் பிரேடி 199ஆவதாகப் போன கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கசிந்த மதிப்பெண்ணை நம்புமுன், அதைக் கசியவிட்டவருக்கு யார் கீழே இறங்க வேண்டியிருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரவுட் முதல் ஆண்டில் 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன்.

யங் விஷயத்தில் மட்டும் ஓர் அளவு எனக்கு உறுத்தலாகவே இருந்தது: 5 அடி 10 அங்குலம், 204 பவுண்டு. முதல் ஆண்டில் 62 முறை சாக் ஆனார். அதில் எவ்வளவு உயரத்தின் பங்கு, எவ்வளவு 2 வெற்றி, 15 தோல்வி என்று முடித்த அந்த அணியின் பங்கு என்று கேட்டால், பழையஹெல்மெட் அவர்களிடம் நான் தோற்றுவிடுவேன்.

படச்சுருள் எழுதியது:

கடைசிவரிசை அவர்களே, அடுத்த நோட்டு எழுதும்போது ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் வெளியூரில் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வென்ற ஆட்டங்களின் சிறப்புக் காட்சிகளைத் தொடவே வேண்டாம். வர்ணனையாளர் குரலை அணைத்துவிட்டு, மூன்றாவது டவுனில் ஏழு யார்டுக்கு மேல் தேவைப்பட்ட ஸ்னாப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, முதல் ரிசீவருக்கே எறிந்தாரா, இரண்டாவதுக்குப் போனாரா, கால் கூட வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் பத்துக்கும் குறைவாகவே கிடைக்கும், அரைமணி நேர வேலை. தொலைக்காட்சிப் படத்தில் ஸ்னாப் ஆனவுடன் சேஃப்டிகள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள் என்பதால், மறுஒளிபரப்பில் பின்பக்கக் கேமரா வரும்வரை பொறுத்திருந்து பாருங்கள். முதல் பார்வையில் குவாட்டர்பேக்கின் தவறு என்று எழுதியதில் பாதியை அங்கே அடிக்க வேண்டியிருக்கும். பென்சிலால் எழுதுங்கள், சிவப்பு மை வேண்டாம்.